நிற்காத முடிச்சு

கோபுரம் சாய்ந்து பையன் கீழே விழுந்தபோது முதலில் வாயைத் திறந்தவர் முருகவேல்தான். அன்றைக்கு அவர் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் சும்மா இருக்கிற பழக்கம் அவருக்குப் பிறந்ததிலிருந்தே கிடையாது.

திருப்பூரில் அவருக்கு ஒரு சின்னக் கம்பெனி. பெரிய ஏற்றுமதிக்காரர்களிடம் ஆர்டர் பிடித்து டிராக் பேண்ட் தைத்துக் கொடுப்பார். நெசவுக் குடும்பம்; தறியை விட்டுத் தையல் மெஷினுக்கு வந்து இரண்டு தலைமுறை ஆகிவிட்டது. தாராளமான மனிதர் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் ஓசைப்படாமல் ஒரு நல்ல காரியம் செய்ததாகச் சரித்திரமும் இல்லை. தேர்த் திருவிழாவுக்கு மோர்ப்பந்தல் போட்டால், மோர் தீர்ந்த பிறகும் மைக்கில் அவர் பேர் ஓடிக்கொண்டிருக்கும்.

அவருடைய ஒரே பையன் பரணி எட்டாம் வகுப்பு படித்தான். அப்பாவுக்கு நேர் எதிர். பத்து வார்த்தை பேச வேண்டிய இடத்தில் ஒன்று பேசுவான், அதையும் மென்று விழுங்கிவிட்டுப் பாதிதான் வெளியே விடுவான். “இவன் என்ற பையன்தானா, ஆஸ்பத்திரியில மாத்திக் குடுத்துட்டாங்களா” என்று முருகவேல் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கேலி பேசுவார். பள்ளிக்கூடத்துச் சாரணர் படையில் சேர்ந்த பிறகுதான் பையன் முகத்தில் ஒரு களை வந்தது. கழுத்தில் ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று மூன்று விரலை நெற்றியில் வைத்து சல்யூட் அடித்துப் பார்ப்பான். அதைக் கதவிடுக்கு வழியாகப் பார்த்துவிட்ட முருகவேலுக்கு நெஞ்சு நிறைந்துபோனது. அப்படி நிறைந்துவிட்டால் அவருக்கு உடனே எதையாவது தூக்கிக் கொடுத்தாக வேண்டும்.

அரையாண்டு லீவில் சாரணர்களுக்கு முகாம் என்றார்கள். கொமரலிங்கத்துக்குப் பக்கத்தில், அமராவதி ஆற்றங்கரையில் ஒரு தென்னந்தோப்பு. கூடாரம் போட்டுத் தங்கி, தாங்களே அடுப்பு மூட்டிச் சமைத்து, மூங்கிலையும் கயிற்றையும் வைத்து ஆணி இல்லாமல் ஒரு காவல் கோபுரம் கட்ட வேண்டும். பெற்றோர் கூட்டத்தில் சாரண ஆசிரியர் கந்தப்பன் என்னென்ன தேவை என்று சொல்லச் சொல்ல, முருகவேல் உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒவ்வொன்றாக வாங்கிப் போட்டுக்கொண்டார். பஸ்ஸா, நம்ம பொறுப்பு. கூடாரமா, நம்ம பொறுப்பு. பசங்களுக்கு ஒரே மாதிரி பனியனா, அதைக் கேட்கவே வேண்டாம்.

“கடைசியா கோபுரத்துக்கு நார்க்கயிறுங்க,” என்றார் கந்தப்பன். “அது ஒண்ணு மட்டும் நாங்க உடுமலையில வாங்கிக்கறமுங்க.”

“கயித்துக்கா கடைக்குப் போவீங்க?” முருகவேல் சத்தமாகச் சிரித்தார். “என்ற குடோன்ல மூட்டை மூட்டையாக் கெடக்குதுங்க சார். கலர் கலரா. பசங்க கை கிழியாது. போட்டோ எடுத்தா அம்சமா இருக்கும். நார்க்கயிறு கட்டுனா மாட்டுக் கொட்டாயாட்ட இருக்கும் பாருங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். கந்தப்பனும் சிரித்துவைத்தார். பஸ் தருகிற ஆளிடம் கயிற்றுக்குச் சண்டை போட முடியுமா?

அவர் சொன்ன கயிறு டிராகார்டு. டிராக் பேண்ட் இடுப்பில் கோத்து, முன்னால் முடிச்சுப் போடுவதற்கு இரண்டு நுனி தொங்கவிட்டிருப்பார்களே, அதுதான். கிளிப்பச்சை, ஆரஞ்சு, ராணி ரோஸ் என்று பார்க்கக் கண்ணைப் பறிக்கும். ஆனால் அது குடோனில் மூட்டையாகக் கிடந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அந்தக் காரணத்தை முருகவேல் கூட்டத்தில் சொல்லவில்லை.

அந்தக் கயிறு போட்ட பேண்ட்டையெல்லாம் முந்தின வருஷம் ரிஜெக்ட் செய்திருந்தார்கள். சரக்கைச் சோதிக்க வந்தவர் ஒரு பேண்ட்டை எடுத்து, முடிச்சுப் போட்டு, இரண்டு உதறு உதறினார். முடிச்சு தானாக அவிழ்ந்து விழுந்தது. இன்னொன்றை எடுத்தார், அதுவும் அப்படியே. பாலியெஸ்டர் கயிறு, மழமழவென்று இருக்கும், இழுத்தால் அறாது, ஆனால் முடிச்சு நிற்காது. அத்தனை பேண்ட்டிலும் கயிற்றை உருவிவிட்டுப் பருத்திக் கயிறு கோத்துக் கொடுப்பதற்குள் முருகவேலுக்கு உயிர் போய் உயிர் வந்தது. வீட்டில் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு ஒரு வாரம் அதையே கத்தினார். “முடிச்சு நிக்கலையாமா! பேண்ட்டு அவுந்தா ஒலகமே அவுந்துருமா?” என்று அவர் கேட்டதற்கு மனைவி ரசத்தை ஊற்றினாள். பக்கத்தில் பரணி தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

சரி, கூட்டத்தில் வாக்குக் கொடுக்கும்போது இதெல்லாம் அவருக்கு ஞாபகம் வந்ததா என்றால், வந்தது. வராமல் எப்படி இருக்கும்? பேண்ட் முடிச்சு வேறு, கோபுரத்து முடிச்சு வேறு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அவர் சொன்னால் அவர் கேட்டுக்கொள்வார். அதில் அவருக்கு ஒரு சிரமமும் இருந்ததில்லை.

முகாம் தொடங்கின அன்று முருகவேலே கூடப் போய்க் கொடியேற்றினார். ஏற்றி முடித்ததும் அணித் தலைவர்கள் வரிசையாக வந்து அவருக்குக் கை கொடுத்தார்கள். எல்லோரும் இடது கையை நீட்டினார்கள். முருகவேலுக்கு முகம் சுருங்கிப்போனது. “என்னுங்க சார், பெரியவங்களுக்கு இப்படித்தான் பீச்சாங்கையை நீட்டச் சொல்லிக் குடுத்திருக்கீங்ளா?” என்றார். கந்தப்பன் அவசரமாக விளக்கினார். கேடயம் பிடிக்கிற கை இடது கை. அதைக் கீழே வைத்துவிட்டு நீட்டுகிறான் என்றால் உங்களை முழுசாக நம்புகிறான் என்று அர்த்தம். சாரணர்கள் உலகம் முழுக்க அப்படித்தான் கை கொடுப்பார்கள். “அப்படிங்ளா” என்று முருகவேலும் இடது கையைக் கொடுத்தார். மயில் அணித் தலைவன் கவின் என்ற பையன் மட்டும் அழுத்திப் பிடித்துக் குலுக்கினான். ஒன்பதாம் வகுப்பு, ஒல்லியான உடம்பு, காய்த்துப்போன விரல்கள். கோபுரம் கட்டுகிற பொறுப்பு அவன் அணியுடையது. பரணியும் அந்த அணியில்தான் இருந்தான்.

கயிற்றுச் சுருளைக் கையில் வாங்கியதும் கவின் விரல்களுக்கு நடுவில் உருட்டிப் பார்த்தான். கந்தப்பனும் பார்த்தார். “கொஞ்சம் வழுக்கறாப்டி இருக்குதுங்களே,” என்றார்.

முருகவேல் சுருளை வாங்கி முழங்காலில் மாட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு கையாலும் இழுத்துக் காட்டினார். “அறுத்துப்போடுங்க பாக்கலாம்! யானையைக் கட்டலாம் சார் இதுல.” பிறகு காரில் ஏறித் திருப்பூருக்குப் போய்விட்டார்.

பெற்றோர் பார்க்க வருகிற நாள் ஞாயிற்றுக்கிழமை. காலையிலேயே தோப்பு நிறையக் காரும் பைக்கும் நின்றன. ஊத்துக்குளிக்காரர் ஒருவர் வெண்ணெய் கொண்டுவந்திருந்தார். கவினின் அப்பா தங்கராஜுக்கு மூலனூரில் முருங்கைக்காய் மண்டி. ஒரு மூட்டைக் காயைத் தோளில் சுமந்துவந்து சமையல் கூடாரத்தில் இறக்கினார். கோபுரம் தோப்புக்கு நடுவில் நின்றது. ஒன்றரை ஆள் உயரம். மூங்கில் சேருகிற இடமெல்லாம் கிளிப்பச்சையும் ஆரஞ்சுமாகக் கட்டு. முருகவேல் சொன்னது போலப் போட்டோவுக்கு அம்சமாகத்தான் இருந்தது. அவர் அதைச் சுற்றிச்சுற்றி வந்து, கேட்டவருக்கும் கேட்காதவருக்கும் கயிறு யாருடையது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

கவின் அவரிடம் வந்தான். கண்ணெல்லாம் தூக்கமில்லாமல் சிவந்திருந்தது.

“சார், கட்டு நிக்க மாட்டேங்குதுங்க. நேத்துப் போட்டது காலையில தொளதொளன்னு ஆயிருது. திருப்பித் திருப்பிக் கட்டறமுங்க. ஒருக்கா உடுமலைக்கு ஆள் அனுப்பி நார்க்கயிறு வாங்கிட்டு வந்தா...”

சுற்றி ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். அவர்கள் இல்லாமல் இருந்திருந்தால் ஒருவேளை முருகவேல் வேறு மாதிரி பேசியிருப்பார்.

“இழுத்துக் கட்டோணும் கண்ணு. காலையில சோறு தின்னியா இல்லியா? தங்கராஜு, என்னுங்க, பையனுக்கு முருங்கைக்காய் மட்டுந்தான் போடறீங்ளா ஊட்ல?”

நல்ல சிரிப்பு. தங்கராஜும் கூடச் சிரித்தார். கவின் சிரிக்கவில்லை. “செரிங்க சார்” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய் மறுபடியும் கட்டை இறுக்க ஆரம்பித்தான். பரணி அவனுக்குக் கயிறு பிடித்துக்கொண்டிருந்தான். அப்பா பேசினதைக் கேட்டான், ஆனால் இந்தப் பக்கம் திரும்பவில்லை.

அந்தப் படையில் ஒரு வழக்கம். கோபுரம் கட்டி முடித்ததும் இருப்பதிலேயே சின்னப் பையன் மேலே ஏறி விசில் ஊதிக் கொடியை விரிக்க வேண்டும். இந்த வருஷம் அது ஆறாம் வகுப்பு அப்பு. அப்புசாமி என்று பாட்டனார் பேர் வைத்திருந்தார்கள். ஆளும் பேரும் பொருந்தவில்லை என்று எல்லோரும் அப்பு என்றே கூப்பிட்டார்கள். அவன் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, கொடியைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, காலையிலிருந்தே தயாராக நின்றான். அவனுடைய அப்பாவும் அம்மாவும் முன்வரிசையில் செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள்.

எல்லோரும் கூடி நின்ற நேரத்தில் பரணி குறுக்கே வந்து அப்புவின் கழுத்திலிருந்து விசிலைக் கழற்றினான்.

“நா ஏர்றேன்,” என்றான்.

அப்பு முகம் அழுகைக்குப் போனது. கவின் ஏதோ தணிந்த குரலில் சொன்னான். பரணி மாட்டேன் என்று தலையை ஆட்டினான். சின்னப் பையனிடமிருந்து கொடியையும் பிடுங்கிக்கொண்டான். கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. பெரிய வீட்டுப் பையன் என்றால் எதுவும் செய்யலாமா என்று ஒரு அம்மாள் காது கேட்கவே சொன்னாள். முருகவேலுக்கு மட்டும் ஒரே சந்தோஷம். இத்தனை நாள் வாயில்லாப் பூச்சியாக இருந்த பையனுக்கு இன்றைக்கு முன்னால் வந்து நிற்கத் தைரியம் வந்துவிட்டதே! “ஏறு சாமி!” என்று கை தட்டினார்.

பரணி மெதுவாக ஏறினான். ஒவ்வொரு கட்டின் மேலும் கையை வைத்து வைத்து ஏறினான். மேல் பலகையில் நின்று விசிலை வாயில் வைத்தான். ஊதுவதற்குள் குறுக்கு மூங்கில் ஒன்று கட்டுக்குள்ளேயே நழுவியது. கயிறு அறவில்லை. வழுக்கிக்கொண்டு இறங்கியது, அவ்வளவுதான். ஒரு மூங்கில் கால் விலக, கோபுரம் குடிகாரன் மாதிரி ஒரு பக்கமாகச் சாய, பரணி வலது கையை ஊன்றி விழுந்தான். எலும்பு முறிந்த சத்தம் முன்வரிசைக்குக் கேட்டது.

கந்தப்பன் ஓடிப்போய்ப் பையனைத் தூக்கினார். முருகவேலும் ஓடினார். ஓடிப்போனவர் முதலில் பையனைப் பார்க்கவில்லை. கயிறும் கையுமாக நின்ற கவினைப் பார்த்தார்.

“கட்டத் தெரியாதவனுக்கெல்லாம் எதுக்குடா லீடர் பட்டை? எம் பையனைக் கொன்னிருப்பியேடா!”

எல்லோருடைய கண்ணும் கவின் மேல் போனது. அவன் சட்டைப் பையில் தைத்திருந்த இரண்டு வெள்ளைப் பட்டைகள் மேலும் போனது. அவன் வாய் திறந்து, உங்களிடம் காலையிலேயே சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். “கட்டுனது நாந்தானுங்க,” என்று மட்டும் சொன்னான்.

தங்கராஜ் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். முருங்கைக்காய் மூட்டை தூக்குகிற கை. மகன் கன்னத்தில் ஓங்கி ஒரு அறை விட்டார். பையன் ஒரு சுற்றுச் சுற்றி நின்றான். தங்கராஜ் முருகவேலைப் பார்த்துக் கும்பிட்டார். “மன்னிச்சுக்கோங்க. எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு உங்களப் பாப்பனுங்க?”

அப்போது முருகவேல் செய்ததுதான் எல்லாவற்றிலும் மோசம். தங்கராஜின் கையைப் பிடித்து இறக்கினார். “உடுங்க, உடுங்க. சின்னப் பசங்கதானுங்க. நா ஒண்ணும் மனசுல வெச்சுக்க மாட்டேன்,” என்றார். பெரிய மனுஷன், பெரிய மனுஷன் என்று யாரோ பின்னால் சொன்னார்கள். அது அவர் காதிலும் விழுந்தது.

உடுமலையில் எலும்பு டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, மணிக்கட்டுக்கு மேலே முறிவு என்று மாவுக்கட்டுப் போட்டார். கட்டும்போது பரணி உதட்டைக் கடித்துக்கொண்டு சுவரையே பார்த்தான். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. அழாத பையனைப் பார்த்து நர்ஸ் மிட்டாய் கொடுத்தாள். வெளியே வந்ததும், “நேரா ஊட்டுக்குப் போயிரலாம் சாமி, அம்மா அழுதுட்டு இருக்கறா,” என்றார் முருகவேல்.

“தோப்புக்குப் போகோணுங்ப்பா. சாயங்காலம் கோர்ட்டு இருக்குது.”

அவன் சொன்ன கோர்ட்டு சாரணர்களுடைய வழக்கம். படைக்குள் ஏதாவது தப்பு நடந்தால் அணித் தலைவர்கள் மட்டும் கூடி உட்கார்ந்து விசாரிப்பார்கள். பிள்ளைகளே விசாரித்துப் பிள்ளைகளே தீர்ப்புச் சொல்வார்கள். ஆசிரியர் உட்கார்ந்திருப்பார், வாய் திறக்க மாட்டார். வெளியாள் உள்ளே போகக்கூடாது.

“கவினோட பட்டையை எடுத்துருவாங்ளாட்ட இருக்குது,” என்றான் பரணி. “நா போய் சாட்சி சொல்லோணும்.”

கார் ஊரைத் தாண்டி வாய்க்கால் ஓரமாகப் போயிற்று. முருகவேலுக்கு ஒரு கேள்வி மத்தியானத்திலிருந்தே தொண்டையில் நின்றது.

“ஏஞ்சாமி, அப்புதானே ஏற வேண்டியது. நீ எதுக்கு ஏறுன?”

பையன் ஜன்னல் வழியே கரும்புக் காட்டைப் பார்த்தபடி வந்தான். கேள்வியை அவன் மறந்துவிட்டான் என்றே முருகவேல் நினைத்தார்.

“அப்பு உழுந்தா அவங்கப்பா உங்களக் கேப்பாங்க,” என்றான் பரணி. “நா உழுந்தா யாரும் உங்களக் கேக்க மாட்டாங்கல்லங்ப்பா.”

முருகவேல் காரை நிறுத்தவில்லை. ஓரமாக விட வேண்டும் என்று கூடத் தோன்றவில்லை. கை பாட்டுக்கு ஓட்டிக்கொண்டு போயிற்று.

“உழுகும்னு உனக்கு எப்படித் தெரியும்?”

“முடிச்சு நிக்காதுன்னு நீங்கதானுங்ப்பா சொன்னீங்க. அன்னைக்கு சாப்புடறப்ப.”

இதற்கு மேல் ஒரு அப்பனுக்கு என்ன வேண்டும்? பூமி பிளந்து உள்ளே போகலாம் போலிருந்தது என்று எழுதுவது சுலபம். உண்மையில் முருகவேலுக்கு வாயில் வந்த முதல் வார்த்தை என்னவென்று தெரிந்தால் அவரை யாரும் மன்னிக்க மாட்டார்கள். அவரே மன்னிக்கவில்லை.

“இது வேற யாருக்காச்சும் தெரியுமா?” என்றுதான் கேட்டார்.

“நா யாருகிட்டயும் சொல்லலீங்ப்பா,” என்றான் பையன். சொல்லிவிட்டு, அப்பா பயப்பட வேண்டாம் என்பது போல மாவுக்கட்டுக் கையை மடியில் சரியாக எடுத்து வைத்துக்கொண்டான்.

அந்தச் சின்ன அசைவுதான் முருகவேலை அறுத்தது. கேட்ட கேள்வியைத் திரும்ப விழுங்க முடிந்தால் விழுங்கியிருப்பார். பதின்மூன்று வயசுப் பையன் தன் கையை உடைத்துக்கொண்டு அப்பனின் மானத்தைத் தாங்கியிருக்கிறான். அப்பன் அந்த மானத்துக்கு வேறு எங்காவது ஓட்டை இருக்கிறதா என்று விசாரிக்கிறான். அவருக்கு உடம்பு முழுக்கக் கூசியது. மைக்கில் தன் பேர் ஓடினதெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக வெட்கமாக இருந்தது.

தோப்புக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் தென்னை மட்டைகளுக்குள் இறங்கியிருந்தது. பாதிப் பெற்றோர் கிளம்பிவிட்டார்கள். கோபுரத்தைப் பிரித்து மூங்கில்களை அடுக்கியிருந்தார்கள். கயிற்றைப் பசங்க குப்பையாகப் போடவில்லை. நிறம் நிறமாகப் பிரித்து, சுருள் சுருளாகச் சுற்றி, திருப்பிக் கொடுப்பதற்குத் தயாராகச் சாக்கின் மேல் வரிசையாக வைத்திருந்தார்கள். முருகவேல் அந்தப் பக்கம் பார்க்காமல் நடந்தார்.

நான்கு தென்னை மரங்களுக்கு நடுவில் கோர்ட்டு நடந்துகொண்டிருந்தது. அணித் தலைவர்கள் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். கவின் நடுவில் நின்றான். கன்னத்தில் விரல் தடம் இன்னும் தெரிந்தது. சுற்றிலும் தரையில் கோலம் போல ஒரு சுண்ணாம்புக் கோடு. வெளியாட்களுக்கு அதுதான் எல்லை. கோட்டுக்கு இந்தப் பக்கம் தங்கராஜ் தனியாக நின்றார். முருகவேலைக் கண்டதும் மறுபடியும் கும்பிட வந்தார். “கையி எப்படி இருக்குதுங்க பையனுக்கு? இவனுக்கு இனி இந்த வேசமே வேண்டாமுங்க, நிறுத்திப்போடறேன்.”

முருகவேலால் அவர் கண்ணைப் பார்க்க முடியவில்லை. வாயைத் திறந்தால் இந்த மனிதரிடம் முதலில் சொல்ல வேண்டியிருக்கும். அதைவிடப் பிள்ளைகளிடம் சொல்வது சுலபம் என்று பட்டது. அப்போதும் சுலபமானதைத்தான் தேடினார். சுண்ணாம்புக் கோட்டின் அருகே போய் நின்றார்.

“நா ஒண்ணு சொல்லோணும்.”

புலி அணித் தலைவன், கண்ணாடி போட்ட பையன், தலை நிமிர்ந்தான். அவன்தான் அன்றைக்குத் தலைமை. “வெளியாளுங்க வரக்கூடாதுங்க சார். ஒரு நிமிசம் இருங்க, கேட்டுச் சொல்றமுங்க.”

நான்கு தலைகள் குனிந்து கூடிப் பேசின. பேங்க் மேனேஜர் அறைக்கே கதவைத் தட்டாமல் போகிற முருகவேல், தோப்பில் ஒரு வெள்ளைக் கோட்டுக்கு வெளியே செருப்புக் காலோடு காத்து நின்றார். கந்தப்பன் ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டார். பிறகு கண்ணாடிப் பையன் கையைக் காட்டினான். முருகவேல் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். யாரும் கழற்றச் சொல்லவில்லை.

“கவினு கட்டுன கட்டுல தப்பு இல்லீங்க,” என்றார். பையன்களை ‘ங்க’ போட்டுப் பேசுவது அவருக்கே புதிதாக இருந்தது. “கயிறுதானுங்க தப்பு. அதுல முடிச்சு நிக்காது.”

கண்ணாடிப் பையன் மூக்கைச் சுருக்கிக்கொண்டு யோசித்தான். பிறகு சாதாரணமாக, கணக்கில் சந்தேகம் கேட்கிற மாதிரிக் கேட்டான்.

“அது உங்களுக்கு முன்னாலயே தெரியுமுங்ளா சார்?”

இந்த இடத்தில் ஒரு பொய் சொல்லிவிட்டுக் கூடப் பாதி யோக்கியனாக வெளியே வந்திருக்கலாம். இப்போதுதான் தெரிந்தது என்று சொன்னால் போதும். பாராட்டிக்கூட அனுப்புவார்கள். முருகவேல் அதையும் ஒரு கணம் நினைத்தார். அந்த வட்டத்தில், கவினுக்குப் பக்கத்தில், கழுத்தில் கட்டிய துணியில் கையை மாட்டிக்கொண்டு பரணி வந்து நின்றிருந்தான்.

“தெரியும்,” என்றார். “இந்தக் கயித்தை முடிச்சு நிக்கலைன்னுதான் எங்கிட்ட ரிஜெக்ட் பண்ணுனாங்க. காலையில கவினு வந்து சொல்றப்பவும் எனக்குத் தெரியும். நாலு பேரு முன்னால ஒத்துக்க வாயி வல்லீங்க.”

மைக் இல்லாமல் அவர் பேசிய முதல் பேச்சு அது. தோப்பில் சுவரா இருக்கிறது? கோட்டுக்கு வெளியே நின்ற தங்கராஜுக்கு எல்லாம் கேட்டது. அவர் திட்டவில்லை, பக்கத்தில் வரவுமில்லை. தன் வலது கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். முருகவேல் அதைப் பார்த்தார். அந்த அறையைத் திருப்பி வாங்கிக்கொள்ள ஒரு வழி இருந்தால் அங்கேயே கன்னத்தைக் காட்டியிருப்பார்.

கோர்ட்டு அதற்கு மேல் நீளவில்லை. கவின் அணித் தலைவனாகவே இருப்பான் என்றார்கள். கயிறு சரியில்லை என்று தெரிந்தும் ஆளை ஏறவிட்டது தப்பு என்று அவனுக்கு ஒரு எச்சரிக்கை. அதை அவன் ஒப்புக்கொண்டான். முருகவேலுக்கு என்ன தண்டனை என்று யாரும் பேசவில்லை. அவர் அதை எதிர்பார்த்தார், கேட்டால் கொடுப்பார்களா என்று கூட நினைத்தார். “வந்து சொன்னதுக்கு நன்றிங்க சார்” என்றான் கண்ணாடிப் பையன். எழுந்து இடது கையை நீட்டினான். மற்றவர்களும் வரிசையாக வந்தார்கள். கவின் கடைசி. முதல் நாள் போல அழுத்தவில்லை. மரியாதைக்குத் தொட்டு எடுத்தான். அவ்வளவாவது கொடுத்தானே என்று முருகவேலுக்குக் கண் கலங்கியது.

பிள்ளைகள் கலைந்து போனார்கள். பரணி மட்டும் அதே இடத்தில் நின்றான். முருகவேல் அவனருகில் போனார். பையன் முகத்தில் இப்போது ஒரு நிம்மதி இருக்கும், அப்பா கடைசியில் சரியானதைச் செய்துவிட்டார் என்று ஒரு பார்வை இருக்கும் என்று அவர் நம்பினார். அந்த ஆசையும் அவரை விட்டுப் போகவில்லை.

பரணி அழுதுகொண்டிருந்தான். எலும்பு முறிந்தபோது அழாதவன், மாவுக்கட்டுக்கு அழாதவன், தோளெல்லாம் குலுங்கத் தேம்பினான். முருகவேல் பதறிப்போய், “கை வலிக்குதா சாமி?” என்றார்.

பையன் இல்லை என்று தலையை ஆட்டினான். இடது புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அப்பாவை நேராகப் பார்த்தான்.

“சொல்ல முடியுமுன்னா, அப்பறம் நா எதுக்குங்ப்பா உழுந்தேன்?”

அடுப்புப் பக்கமிருந்து யாரோ எல்லோரையும் சாப்பிடக் கூப்பிட்டார்கள். கோட்டுக்கு வெளியே கழற்றிவிட்ட செருப்பு எங்கே என்று தெரியாமல் முருகவேல் கொஞ்ச நேரம் தேடிக்கொண்டிருந்தார்.